சும்மா எரிந்த ஆறு விளக்குகள்

அத்தாஉல்லா நானா இருக்கிற இடத்தில் எதுவும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க முடியாது. மின்விசிறி, தண்ணீர்க் குழாய், வாசல் விளக்கு, எதுவானாலும் ஆளில்லாமல் ஓடுவதைக் கண்டால் அவருக்கு உடம்பு கூசும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கடைசி ஆள் எழும்புவதற்கு முன்னமே சுவிட்ச் பக்கம் போய் நின்றுவிடுவார். ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போனவர், பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவரின் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வந்தாராம். இதை அவருடைய மனைவி மர்ளியாவே தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரை, இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரங்கள் உள்ள அறைக்குக் காவலாளியாகப் போட்ட புண்ணியவான் யார் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் பதில் சொன்னதில்லை.

நான் பிரசாந்தி. ஒரு தனியார் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஃபைபர் பிரிவுப் பொறியியலாளர். மன்னாரில் கணவர் தர்சனையும் ஆறு வயது மகளையும் விட்டுவிட்டுப் புத்தளத்தில் அறை எடுத்து இருக்கிறேன். மன்னாருக்கு இடமாற்றம் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது. என் பொறுப்பில் உள்ள இயந்திரங்களில் முக்கியமானது புத்தளத்துக்கு வெளியே, கடல்நீர்க் களப்பு ஓரமாக உள்ள ஒற்றை அறைக் கட்டடத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஓடிவரும் ஒளி அவ்விடத்துக்கு வரும்போது களைத்துப்போயிருக்கும். அதைத் தூக்கிவிட்டுக் கற்பிட்டி வரைக்கும் அனுப்புகிற அம்ப்ளிஃபயர் அந்த அறைக்குள் இருக்கிறது. பாலாவி, எத்தாளை தாண்டிக் கற்பிட்டி முனை வரைக்கும் உள்ள கோபுரங்கள், வங்கி, ஆஸ்பத்திரி, வெள்ளைக்காரர் தங்குகிற விடுதிகள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அத்தாஉல்லா நானாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் உப்பளத்தில் நின்றவர். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பாதங்கள் வெடித்து, ஒரு கட்டத்தில் புண் ஆறவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. "இனி உப்புத் தண்ணியில காலை வெச்சா காலை எடுக்க வேண்டி வரும்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்ததுதான் இந்தக் காவல் வேலை. அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு செய்த முதல் வேலை அது. காலையில் வந்ததும் சப்பாத்தைத் துடைத்து, காலுறையை உதறிப் போட்டுக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு அவரில் கோபம் வராது.

மற்ற நேரமெல்லாம் வரும். முதல் மாதமே ஏசியை நிறுத்தினார். "உள்ளுக்கு ஆளே இல்ல மிஸ், மெசினுக்கு என்னத்துக்குக் குளிர்?" என்றார். இரண்டாம் மாதம் பின்பக்க மின்விசிறிகள். பொறுக்க முடியாமல், 'தொட வேண்டாம்' என்று தமிழில் அச்சடித்துப் பதினொரு இடத்தில் ஒட்டினேன். அதற்குப் பிறகு, அந்த மனிதர் ஒட்டியிருந்த எதையும் விரலால்கூடத் தொட்டதில்லை. ஒட்டாத எதையும் விட்டதுமில்லை. என் தலைக்கு மேலே சுழலுகிற மின்விசிறியில் ஒட்டவில்லை. நான் தேநீர் குடிக்க வெளியே போய் வருவதற்குள் அது நின்றிருக்கும். ஒவ்வொரு நாளும்!

ஊர்க் கல்யாணங்களில் சஹன் சாப்பாட்டுக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்த சஹனைக் கண்டால் அவரால் தாங்க முடியாது. வாசலில் நிற்கிறவனையாவது இழுத்துக்கொண்டு வந்து ஆறாவது ஆளாக உட்கார்த்துவார். அவருடைய மகள் றஹ்மாவின் கல்யாணத்தில், பரிசுப் பையைக் கொடுத்துவிட்டு நழுவப் பார்த்த என்னையும் மர்ளியாவை அனுப்பிப் பிடித்துப் பெண்கள் பக்கத்தில் இருத்திவிட்டார். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வரும்போது என்னால் மூச்சு விட முடியவில்லை.

இனி அந்த ஆறு விளக்குகளுக்கு வருகிறேன்.

அந்த இழைக்குள் ஒரே நேரத்தில் எட்டு நிறத்தில் ஒளி போகலாம். கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். கற்பிட்டிக்கு நாங்கள் உண்மையில் பாவிப்பது இரண்டுதான். அம்ப்ளிஃபயருக்குள் ஒரு கார்ட் இருக்கிறது. உள்ளே எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற மாதிரிப் பலத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. இரண்டு நிறம் வந்தால் இரண்டுக்கு, எட்டு வந்தால் எட்டுக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் கிடைக்கிற பங்கு மாறாமல் பார்த்துக்கொள்ளும். பங்குனி மாதம் அந்தக் கார்ட் செத்துப்போனது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு கிழமையில் வரும் என்றார்கள்.

கார்ட் இல்லாத அம்ப்ளிஃபயருக்கு எண்ணத் தெரியாது. எத்தனை நிறம் வந்தாலும் மொத்தமாக ஒரே அளவு ஒளியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே விட்டால் இரண்டு நிறமும் எட்டு நிறத்தின் பலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கற்பிட்டியில் முட்டும். ஆகவே பாவிக்காத ஆறு நிறங்களுக்கும் ஆறு சிறிய லேசர்களைக் கொளுவி எரியவிட்டேன். அவற்றில் யாருடைய ஃபோன் கதையும் போகாது. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் அவற்றின் வேலை. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டு கிழமைக்குத்தானே என்று 'தொட வேண்டாம்' ஒட்டவுமில்லை.

இரண்டு கிழமை ஏழு மாதமானது. நான் ஒன்பது கடிதம் எழுதினேன். "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று ஒன்பது பதில் வந்தது.

ஒருநாள் அத்தாஉல்லா நானா அந்தப் பச்சைப் புள்ளிகளுக்கு முன்னால் நின்று கேட்டார்.

"மிஸ், இந்த ஆறுலயும் யாருட கோல் போகுது?"

அன்றைக்கு முழுநாளும் வெயிலில் கேபிள் குழிக்குள் நின்றுவிட்டு வந்திருந்தேன். என் மின்விசிறியும் வழக்கம்போல நின்றிருந்தது.

"ஒருத்தற்றையும் போகேல்லை நானா."

"அப்ப என்னத்துக்கு எரியுது?"

"சும்மா எரியுது. விடுங்கோ பேசாமல்."

விட்டார். அவரும் ஏழு மாதம் பேசாமல்தான் இருந்தார். அதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காற்று பேய்பிடித்த மாதிரி வீசியது. காலையிலேயே புத்தளத்தில் கரண்ட் போய்விட்டது. அதை அறியாமல் நான் களப்புத் தீவான உச்சமுனைக்குப் படகில் போயிருந்தேன். அங்கே எங்கள் கோபுரத்தின் சூரிய மின்கலம் ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி இருக்கும். கையிலிருந்த ஃபோனில் சிக்னல் சட்டென்று செத்தது. அந்தக் கோபுரத்துக்குக் கற்பிட்டியிலிருந்துதான் தொடர்பு. படகுக்காரர் சவிரிமுத்து அண்ணையை அரைச் சாப்பாட்டில் எழுப்பிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்து சேர ஒரு மணியாகிவிட்டது.

கற்பிட்டி நிலையத்தில் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தன் நிரோசன் வியர்த்து விறுவிறுத்து நின்றான். இணைப்புகளையெல்லாம் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டிருந்தான். வாசலில் இரண்டு விடுதி முதலாளிமார் கத்திக்கொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் ஆளே அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, சிக்னல் இல்லை. புத்தளத்தில கூட்டிவிடச் சொல்லுங்கோ."

"அளந்தனியா?"

"இல்லாத சிக்னலை என்னெண்டு அக்கா அளக்கிறது?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு கம்பனி சிம் உள்ள ஃபோனை ஒரு முதலாளியிடம் இரந்து வாங்கிக் கொழும்புக் கண்காணிப்பு அறைக்கு எடுத்தேன். ஷானிகா என்ற பெண் பேசினாள். சிங்களத்தில், மிகவும் அமைதியாக. புத்தளத்தில் எல்லாம் சரி என்றாள். திரையில் எல்லாம் பச்சை என்றாள். தொடர்பு போன நேரத்தில்கூட அம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே போகிற மொத்த ஒளி இம்மியும் மாறவில்லை என்றாள். "கற்பிட்டிக்குப் போதவில்லையாக்கும் என்று நானே இங்கிருந்து இரண்டு மடங்காகக் கூட்டிவிட்டேன்" என்றும் சொன்னாள். உதவி செய்துவிட்ட திருப்தி அவள் குரலில் இருந்தது.

இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். கேட்கவில்லையா, கூட்டு. தெரியவில்லையா, கூட்டு. ஒன்றும் விளங்கவில்லையா, இன்னும் கொஞ்சம் கூட்டு!

நிரோசனின் கையிலிருந்து மீட்டரைப் பிடுங்கி நானே அளந்தேன். ஒளி குறையவில்லை. வழமையாக வருவதன் எட்டு மடங்கு வந்துகொண்டிருந்தது. எதிரே வருகிற லொறிக்காரன் முழு லைட்டைப் போட்டால் நமக்குப் பாதை தெரியாதல்லவா, அதேபோல அங்கே உள்ள ரிசீவர்கள் கண் கூசிக் குருடாகிப்போயிருந்தன. ஷானிகா கூட்டியது இரண்டு மடங்கு. மிச்சம் நாலு மடங்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எட்டுப் பேரின் பங்கை இரண்டு பேர் எடுத்தால் நாலு மடங்கு. அந்த ஆறும் அணைந்திருக்கிறது.

"அத்தாஉல்லா நானா!" என்று நான் போட்ட கூச்சலில் விடுதி முதலாளிமாரும் வாயை மூடிவிட்டார்கள்.

அவருக்கு எடுத்தேன். ஃபோன் நிறுத்தப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறபோது ஃபோனையும் நிறுத்திவிடுவார், திரும்பப் போட மறந்தும்விடுவார். பத்துத் தடவை எடுத்தேன். ஷானிகாவிடம் கூட்டியதைக் குறைக்கச் சொன்னேன், மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்றாள். கூட்டும்போது யாரிடம் அனுமதி கேட்டாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் வேனில் ஏறினேன். எத்தாளையில் தென்னை ஒன்று பாதையில் விழுந்து கிடந்தது. அதை வெட்டி இழுத்துப்போடும் வரைக்கும் அரை மணி நேரம் வேனுக்குள் இருந்து, அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஜும்ஆவுக்குப் போட்ட சட்டையும் சப்பாத்துமாகக் கதிரையில் இருந்தார். ஆறு பச்சைப் புள்ளிகளும் இருட்டு. பேசாமல் போய் ஒன்றன்பின் ஒன்றாக ஆறையும் போட்டேன். ஷானிகாவும் ஒருவழியாக அனுமதி வாங்கிக் குறைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் நிரோசன் எடுத்து, "வந்திட்டுது அக்கா!" என்று துள்ளினான். மூன்று மணித்தியாலம் கற்பிட்டி முனை முழுக்க ஊமையாகக் கிடந்திருக்கிறது.

பிறகு திரும்பினேன்.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள் நானா? ஆர் உங்களை அதில கைவைக்கச் சொன்னது?"

அவர் எழும்பி நின்றார். "கரண்ட் காலையிலயே போச்சு மிஸ். டீசல் கால் டாங்கிதான் ஈந்திச்சு. நீங்க எப்ப வருவீங்களோ தெரியா. பெரிய மெசின் நிக்கப்படாதெண்டு, தேவல்லாததுகளை எல்லாம் நிப்பாட்டிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போனேன்."

"அது தேவையில்லை எண்டு ஆர் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க. சும்மா எரியுதுண்டு."

வேனுக்குள் நான் அடுக்கி வைத்திருந்த வசனங்களில் இதற்குப் பதில் ஒன்றுமே இருக்கவில்லை.

கதிரையில் விழுந்தேன். விளக்காமல் விட்டதை அப்போதாவது விளக்குவோம் என்று, அவருக்குத் தெரிந்த பாஷையில் தொடங்கினேன். "நானா, சஹன் எண்டு நினையுங்கோ. எட்டுப் பேருக்குச் சோறு வைக்கிற ஒரு சஹன். சாப்பிட வந்தது ரெண்டே ரெண்டு பேர். மிச்ச இடத்தில நான் ஆறு பேரைப் பிடிச்சு இருத்தி வைச்சிருக்கிறன். நீங்கள் அந்த ஆறு பேரையும் எழுப்பி அனுப்பிப்போட்டியள். எட்டுப் பேரின்ர சோறும் ரெண்டு பேரின்ர தொண்டைக்குள்ள போச்சு. மூச்சு முட்டாதா?"

அவருடைய முகம் மாறியது. முதல் தடவையாக உண்மையிலேயே பயந்துபோனார். "யா அல்லாஹ்" என்றார். கொஞ்ச நேரம் அந்த ஆறு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அவர் அவர்தானே, கேட்டார்:

"அப்ப அந்த ஆறு பேரும் திண்ட சோறு ஆருக்கும் ஒதவல்லியா மிஸ்?"

"இல்லை."

"ஏழு மாசமா?"

"ஓம் நானா, ஏழு மாசமா."

"சோறு வைக்கிறவன் ஆளை எண்ணி வெச்சா, சும்மா ஆறு பேரை இருத்த வேண்டிய தேவ என்ன? எண்ணி வைக்கிற ஆள் எங்க?"

எண்ணி வைக்கிற ஆள் பங்குனியில் செத்துப்போனான். நான் அனுப்பச் சொன்ன ஆள் ஒன்பது கடிதத்துக்கும் வரவில்லை. இதைத்தான் ஏழு மாதமாகப் படித்தவர்களுக்குத் தொழில்நுட்ப ஆங்கிலத்தில் எழுதி எழுதி விளங்கப்படுத்த முடியாமல் நான் கிடந்தேன். இந்த மனிதர் ஒரே கேள்வியில் அதைப் பிடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று எனக்கே விளங்கவில்லை.

நாலு மணிக்கு என்னுடைய மேலாளர் எடுத்தார். விடுதிக்காரர்கள் கொழும்பு வரைக்கும் போய்விட்டார்களாம். இன்றைக்கே அறிக்கை வேண்டுமாம். "சிம்பிளாக எழுதும்" என்றார். "காவலாளி அனுமதியில்லாமல் இயந்திரத்தில் கைவைத்தார். அவ்வளவும் போதும். திங்கட்கிழமை ஒப்பந்தக்காரர் வேறு ஆள் போடுவார். உம்முடைய மாற்றக் கடிதமும் இந்த மாதம் கையெழுத்தாக வேண்டியது, என்னுடைய மேசையில்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் வேறு சிக்கல் எதற்கு?"

வாசலடியில் அத்தாஉல்லா நானா நின்றார். மேலாளர் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது, என் முகம் போதுமாக இருந்திருக்கும்.

"என்னை நிப்பாட்டுவாங்களா மிஸ்?"

நான் அறிக்கை எழுத மடிக்கணினியைத் திறந்தேன்.

"இந்தக் காலை வெச்சிக்கிட்டு உப்பளத்துக்குப் போக ஏலாது" என்றார், என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லாமல், குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு வெளியே போய் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் சொன்ன வசனத்தை அப்படியே எழுதினேன். பொய்யில்லை. கைவைத்தது அவர்தான். மன்னாரில் இருக்கிற என் மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. அனுப்புவதற்கு முதல் ஒருதரம் வாசித்தேன். வாசித்துவிட்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் அந்த அறைக்குள் சொன்னேன். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கட்டுப்பாட்டுக் கார்ட் இல்லாமல் அம்ப்ளிஃபயரை ஏழு மாதம் ஓட்டியது நான். ஆறு லேசர்களுக்கும் எச்சரிக்கை ஒட்டாமல் விட்டது நான். அவை சும்மா எரிகின்றன என்று காவலாளிக்குச் சொன்னதும் நான். டீசலைக் காப்பாற்றக் காவலாளி செய்தது, அவருக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் சரியான வேலை. அளக்காமல் கூட்டியது கொழும்பு. ஒன்பது கடிதங்களையும் இணைத்து அனுப்பினேன்.

ஒன்பது கடிதத்துக்கு வராத கார்ட் நாலாம் நாள் கூரியரில் வந்து சேர்ந்தது. அதே நாள் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. மாற்றம் ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருந்தது. தர்சனுக்கு ஃபோனில் சொன்னேன். பக்கத்தில் மகள் அழுதாள். காவலாளியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

கார்டைப் போட்டுச் சரிபார்த்தபிறகு அத்தாஉல்லா நானாவைக் கூப்பிட்டேன். "நானா, அந்த ஆறையும் இப்ப நீங்களே நிப்பாட்டுங்கோ."

அவர் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஃபோனில் நிரோசன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறும் அணைந்தது. "அசையவே இல்லை அக்கா" என்றான். உள்ளே இருந்த கார்ட் ஆளை எண்ணிப் பார்த்துச் சோற்றைக் குறைத்துவிட்டது.

"பாத்தீங்களா மிஸ்" என்றார் அவர். "ஏழு மாசம் வீணாத்தானே எரிஞ்சிச்சு." அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நான் கதிரையில் இருந்து பதிவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை.

"உங்கட மன்னார் மாற்றம் எப்ப மிஸ்?"

"அடுத்த வருசம் பாப்பம்."

"இந்த மாசம் கிடைக்கும் எண்டீங்களே. ஏன்?"

"சும்மா" என்றேன், தலை நிமிராமல்.

"சும்மாண்டு இனி நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன் மிஸ்" என்றார் மெதுவாக. "எனக்காகவா?"

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. சப்பாத்துச் சத்தம் சுவர்ப் பக்கம் போனது. ஒரு சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. என் தலைக்கு மேலே மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்கியது. மூன்று வருடத்தில் அந்த மனிதர் கையால் எதையாவது போட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வருவோம் என்று எழும்பி வெளியே போனேன். குழாயடியிலிருந்து திரும்பி வர இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மின்விசிறி நின்றிருந்தது.